ஹார்லெமின் அக்கா தங்கைகள்

இரண்டாம் உலகப்போரில் நாஜிகளை எதிர்த்து நின்ற அக்கா தங்கைகளைப் பற்றிய நாவல்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. கண்ணில் படுவதை எல்லாம் வாசிக்கிறேன். பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. அக்கா பயந்த சுபாவம் உள்ளவள்; கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பாள்; தன் வீடு தப்பித்தால் போதும் என்று நினைப்பாள். தங்கை துடுக்கானவள், யாருக்கும் அடங்காதவள். முதல் அத்தியாயத்திலேயே ஜெர்மன் சிப்பாயை முறைப்பாள். இருவருக்கும் நடுவே பழைய மனஸ்தாபம் ஒன்று இருக்கும். போர் முற்றும்போது அக்காவுக்கும் துணிச்சல் வரும். கடைசியில் ஒருத்தி சாவாள், இன்னொருத்தி முதுமையில் பழைய பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் நினைத்துப் பார்ப்பாள்.

அழவைக்கும் கதைகள்தான், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் நிஜத்தில் வாழ்ந்த அக்கா தங்கைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த வார்ப்பு எனக்குப் போதாமல் போய்விட்டது. துணிச்சலை ஒருத்திக்கும் பயத்தை இன்னொருத்திக்கும் பாகம் பிரித்துக் கொடுப்பது எழுதுகிறவருக்கு வசதி. நிஜ வாழ்க்கையில் இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள், ஒரே ரகசியத்தைச் சுமந்தார்கள். ஒருத்தி பிடிபட்டால் இன்னொருத்தியும் பிடிபடுவாள் என்று தெரிந்தே செய்தார்கள். அக்கா தங்கை என்ற உறவு அவர்களுக்குப் பெரிய பலம், பெரிய ஆபத்தும் அதுவேதான். நாவல்கள் இந்த இரண்டாவது பாதியைச் சரியாகத் தொடுவதே இல்லை என்பது என் வருத்தம்.

ஒரே ஊரிலிருந்து இரண்டு குடும்பங்களைச் சொல்கிறேன். நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது ஹார்லெம். 1940 மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. சில நாட்களிலேயே நாடு சரணடைந்தது. அப்போது அங்கே சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். போர் முடிந்தபோது அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இல்லை. மேற்கு ஐரோப்பாவில் வேறு எந்த நாட்டிலும் யூதர்கள் இந்த விகிதத்தில் அழியவில்லை. காரணங்கள் பல. ஒளிந்துகொள்ள மலையோ பெருங்காடோ இல்லாத சமதள நாடு. மக்கள் தொகைப் பதிவேடு அவ்வளவு துல்லியம். யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில், எந்த மதம் என்று எல்லாம் அதில் இருந்தது. அடையாள அட்டையைப் போலியாகச் செய்வதும் கடினம். ஆகவே ஒரு யூதர் உயிர் பிழைக்க வேண்டுமென்றால் யாராவது தன் வீட்டுக் கதவைத் திறந்தாக வேண்டும். போர்முனை என்பது சமையலறையும் மாடிப்படியும்தான். வீட்டில் இருந்த பெண்களை ஒதுங்கி நின்றவர்களாகக் காட்டும் கதைகள் எனக்கு ஏற்காததற்கு இதுதான் முதல் காரணம்.

ஹார்லெமின் பார்டெல்யோரிஸ் தெருவில் 19-ஆம் எண் வீடு டென் போம் குடும்பத்தினுடையது. கீழே கைக்கடிகாரக் கடை, மேலே வீடு. கடை 1837-இல் தொடங்கியது. போர்க்காலத்தில் அதை நடத்திவந்தவர் எண்பது வயதைத் தாண்டிய காஸ்பர் டென் போம். திருமணம் செய்துகொள்ளாத இரண்டு மகள்கள் அவரோடு இருந்தார்கள். மூத்தவர் பெட்ஸி, 1885-இல் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே உடல்நலம் சரியில்லாதவர். சமையலும் வீடும் அவர் பொறுப்பு. இளையவர் கோரி, 1892-இல் பிறந்தவர். நெதர்லாந்தில் கடிகாரம் பழுதுபார்க்க உரிமம் பெற்ற முதல் பெண். ஆக, எதிர்ப்பு வேலையில் இறங்கியபோது இருவருமே ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். நாவல்களின் கதாநாயகிகளுக்கு எப்போதும் இருபது வயதுதான். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி விருந்தாளிகளுக்குச் சூப் ஊற்றிக்கொண்டே சட்டத்தை மீறும் காட்சியை ஏன் யாரும் எழுதுவதில்லை?

அந்த வீட்டில் பெரிய பிரச்சினை சாப்பாடு. ரேஷன் கார்டு இல்லாமல் எதுவும் வாங்க முடியாது. ஒளிந்திருக்கும் யூதருக்கு ரேஷன் கார்டு கிடையாது. ரேஷன் அலுவலகத்தில் வேலை பார்த்த, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கோரி போய் உதவி கேட்டார். எத்தனை வேண்டும் என்று அவர் கேட்டபோது ஐந்து என்று சொல்ல வாயெடுத்தவர் நூறு என்று சொல்லிவிட்டதாகப் பிற்பாடு எழுதினார். அந்த ஊழியர் அலுவலகத்தில் கொள்ளை நடந்ததுபோல் நாடகமாடி, கொள்ளைக்காரர்கள் அடித்ததுபோல் தன் முகத்தில் காயமும் வாங்கிக்கொண்டு கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாடியில் கோரியின் படுக்கையறைச் சுவருக்கு முன்னால் இன்னொரு செங்கல் சுவர் எழுப்பினார்கள். நடுவில் இரண்டரை அடி அகல இடைவெளி. துணி அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் திறப்பு. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். வீடெங்கும் எச்சரிக்கை மணி வைத்தார்கள். மணி அடித்தால் எல்லோரும் மாடிக்கு ஓடி உள்ளே புகுந்துவிட வேண்டும். அதற்கு ஒத்திகையும் நடந்தது. படுக்கையில் உடல்சூடு தெரிந்துவிடக் கூடாது என்று மெத்தையைப் புரட்டிப் போடுவார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டு கூடுதலாக இருக்கக் கூடாது. நள்ளிரவில் கோரியைத் தட்டியெழுப்பி, யூதர்களை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று அதட்டுவார்கள். தூக்கக் கலக்கத்திலும் உளறாமல் இருக்கப் பழக்கினார்கள். சாப்பாட்டறை ஜன்னலில் ஆல்ப்பினா கடிகார விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. அது அங்கே இருந்தால் உள்ளே வரலாம், இல்லையென்றால் அப்படியே நடந்து போய்விட வேண்டும்.

1944 பிப்ரவரி 28. உதவி கேட்பதுபோல் வந்த ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான். போலீஸ் புகுந்ததும் பெட்ஸி சமயம் பார்த்து அந்தப் பலகையைத் தட்டிவிட்டார். ஆனால் வந்தவர்களில் ஒருவனுக்குச் சங்கதி புரிந்துவிட்டது. பலகையை எடுத்து மறுபடி ஜன்னலிலேயே வைத்தான். அன்று முழுக்க, வீடு பத்திரமாக இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிக்கினார்கள். சுமார் முப்பது பேர் கைதானார்கள். வீட்டில் உள்ளவர்களை அடித்துக் கேட்டும், சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரை மட்டும் போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர்கூட இல்லாமல் அந்த இடுக்கில் நின்று, பிறகு மீட்கப்பட்டார்கள்.

கைதானவர்களில் கோரியின் அண்ணன், இன்னொரு அக்கா, அக்கா மகன் என்று குடும்பமே இருந்தது. தலைமறைவு இயக்கங்களில் ஓர் அடிப்படை விதி உண்டு: ஒருவருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. பிடிபட்டாலும் சொல்வதற்கு எதுவும் இருக்காது. ஒரு கூரையின் கீழ் வாழும் அக்கா தங்கையால் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது. எந்த வேளைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதுவரை இருவருக்கும் தெரியும். யாரை நம்புவது என்று தெரியாத காலத்தில் நம்பிக்கை என்பது கிடைக்காத சரக்கு. அக்கா தங்கைகளுக்கு அது பிறப்பிலேயே கைவசம் இருந்தது. அதற்குக் கொடுத்த விலை, ஒரே நாளில் வீடே காலியானது.

விசாரணையில் முதியவர் காஸ்பருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனால், உதவி கேட்டு யார் கதவைத் தட்டினாலும் திறப்பேன் என்றார் அவர். பத்து நாளில் சிறைவாசத்திலேயே இறந்துபோனார். மகள்கள் இருவரையும் வுக்ட் முகாமுக்கும், அங்கிருந்து ஜெர்மனியில் பெண்களுக்கென்றே இருந்த ராவன்ஸ்ப்ருக் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். டிசம்பர் 16 அன்று பெட்ஸி அங்கே இறந்தார். சில நாட்களில் கோரி விடுவிக்கப்பட்டார். அலுவலகத்தில் நடந்த ஏதோ தவறுதான் காரணம் என்று பின்னால் தெரியவந்ததாக எழுதியிருக்கிறார்.

இனி அதே ஊரில் இன்னொரு வீடு. டென் போம் குடும்பம் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளது. ஓவர்ஸ்டேகன் குடும்பமோ கம்யூனிஸ்ட். ட்ரூஸ் 1923-இலும் ஃப்ரெடி 1925-இலும் பிறந்தவர்கள். அம்மா கணவரைப் பிரிந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். படுக்க வைக்கோல் மெத்தைதான். ஆனால் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தவித்த குழந்தைகளுக்கு அனுப்ப இந்தப் பிள்ளைகளைப் பொம்மை செய்ய வைத்தார் அந்த அம்மா. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்த ஏழை வீட்டிலும் இடம் இருந்தது.

1941-இல் ஹார்லெம் எதிர்ப்புக் குழுவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு பெண்களையும் இயக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சின்னவளுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். இரட்டைப் பின்னல் போட்டால் பன்னிரண்டு வயதுக் குழந்தைபோல் இருப்பாள். அதுதான் குழுவுக்கு வேண்டியிருந்தது. சோதனைச் சாவடியில் அவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அம்மா சம்மதித்தார். எது நடந்தாலும் மனிதர்களாகவே இருங்கள் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. என்ன வேலை என்பது பிறகுதான் தெரிந்தது: பாலங்களையும் ரயில் பாதைகளையும் தகர்க்க வேண்டும், துப்பாக்கி சுடப் பழக வேண்டும். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு சேமித்துவைக்கும் கிடங்கில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது.

அதன் பிறகு அவர்கள் செய்த வேலைகளைப் படிக்கும்போது எனக்கு மலைப்பு மட்டும் வரவில்லை, வயிற்றைப் பிசையவும் செய்தது. துண்டறிக்கை விநியோகம், யூதக் குழந்தைகளை மறைவிடங்களுக்குக் கூட்டிப்போவது எல்லாம் உண்டு. சைக்கிளில் ஒருத்தி மிதிக்க, பின்னால் உட்கார்ந்தவள் காட்டிக்கொடுப்பவனைச் சுட்டுவிட்டுப் போவதும் உண்டு. மதுக்கடையில் ஜெர்மன் அதிகாரியிடம் பேச்சுக் கொடுத்து, காட்டுப்பக்கம் நடந்துவரலாமா என்று ட்ரூஸ் கூட்டிப்போவாள். ஃப்ரெடி காவல் நிற்பாள். அங்கே இயக்கத்து ஆள் காத்திருப்பான். நாவலில் இது ஒரு சாகசக் காட்சி. அந்தப் பெண்களுக்கு அது அப்படி இருக்கவில்லை. முதலில் சுட்டது தங்கைதான் என்றும், பிறகு இருவரும் அழுதோம் என்றும் ட்ரூஸ் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். சுடப்பட்டவன் கீழே விழும்போது அவனைத் தூக்கிவிடத்தான் கை போகும் என்றார் ஃப்ரெடி. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. போர்வீரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது என்பார்.

ஓர் உத்தரவை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. நெதர்லாந்தை ஆண்ட நாஜி ஆணையர் ஸைஸ்-இன்குவார்ட்டின் பிள்ளைகளைக் கடத்திவர வேண்டும், பேரம் படியாவிட்டால் அவர்களைக் கொன்றுவிட வேண்டும் என்று திட்டம் வந்தது. குழந்தைகளைக் கொல்ல நாங்கள் ஹிட்லரின் ஆட்கள் அல்ல என்று மறுத்துவிட்டார்கள். அம்மா போட்ட நிபந்தனையைப் பெண்கள் எந்த இடத்தில் நினைத்துக்கொண்டார்கள் பாருங்கள். இந்த மறுப்பு எனக்கு எந்தத் துப்பாக்கிச் சூட்டையும் விடப் பெரிய செயலாகத் தெரிகிறது.

அந்த மறுப்பில் அவர்களோடு நின்றவள் ஹன்னி ஷாஃப்ட். ஆம்ஸ்டர்டாமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவள். மாணவர்கள் எல்லோரும் ஜெர்மன் ஆட்சிக்கு விசுவாசப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று 1943-இல் உத்தரவு வந்தபோது கையெழுத்துப் போட மறுத்துப் படிப்பை விட்டு வந்தாள். அவளுக்கும் ஓர் அக்கா இருந்தாள்; சிறுவயதிலேயே தொண்டை அடைப்பான் நோயில் இறந்துவிட்டாள். ஓவர்ஸ்டேகன் வீட்டுப் பெண்களோடு சேர்ந்தபோது அவள் மூன்றாவது சகோதரி ஆனாள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

ஹன்னிக்குச் சிவந்த கூந்தல். அதுவே அடையாளமாகிவிட்டது. சிவப்பு முடிக்காரப் பெண்ணைத் தேடுங்கள் என்று உத்தரவு போனது. 1944-இல் அவள் யாரென்று தெரிந்ததும் பெற்றோரைப் பிடித்து வுக்ட் முகாமில் அடைத்தார்கள், அவளாக வந்து சரணடைவாள் என்று. மாதக்கணக்கில் வைத்திருந்து பிறகுதான் விட்டார்கள். குடும்பத்தைப் பிணையாகப் பிடிப்பது நாஜிகளின் வழக்கமான முறை. ஹன்னி தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 1945 மார்ச் 21 அன்று ஹார்லெமில் ஒரு சோதனைச் சாவடியில், பையில் தடைசெய்யப்பட்ட பத்திரிகைக் கட்டோடும் கைத்துப்பாக்கியோடும் பிடிபட்டாள். சாயத்துக்கு அடியில் முடியின் வேர் சிவப்பாக வளர்ந்திருந்தது. ஏப்ரல் 17 அன்று கடலோர மணல்மேடுகளில் சுட்டுக் கொன்றார்கள். அவளுக்கு 24 வயது. மூன்றே வாரத்தில் நாடு விடுதலையாகிவிட்டது.

ஹார்லெமைத் தாண்டி இன்னும் இரண்டு ஜோடிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் யான்னியும் லீனும் ப்ரில்லஸ்லைபர் குடும்பத்து யூதப் பெண்கள். லீன் மூத்தவர், நடனக் கலைஞர், யித்திஷ் மொழிப் பாடல்கள் பாடுபவர். யான்னி, யூதர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவுக்கே கீழ்ப்படிய மறுத்தவர். போலி அட்டைகளும் ரகசியப் பத்திரிகைகளும் அவர் கைவழியாகப் போயின. ஒளிந்திருக்க வேண்டியவர்களே மற்றவர்களை ஒளித்துவைத்தார்கள் என்பதுதான் இந்தக் குடும்பத்தின் விசேஷம். 1943 தொடக்கத்தில் நார்டன் ஊருக்கு அருகே மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அப்பா, அம்மா, தம்பி, கணவர்கள், குழந்தைகள், அதோடு தஞ்சம் கேட்டு வந்தவர்கள். அந்த வீட்டில் இரவில் இசைக் கச்சேரிகூட நடந்தது. லீன் பாடுவார், அவர் துணைவர் எபர்ஹார்ட் பியானோ வாசிப்பார். அவர் ஜெர்மானியர், யூதரல்லாதவர், ஜெர்மன் ராணுவத்தில் சேர மறுத்துத் தலைமறைவானவர். பிடித்துத் தர ஒரு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்த காலத்தில், ஒன்றரை ஆண்டு அந்த வீடு தாக்குப்பிடித்தது.

1944 ஜூலை 10 அன்று வீட்டைச் சுற்றிவளைத்தார்கள். வெஸ்டர்போர்க் முகாமில் பழைய பேட்டரிகளைப் பிரித்தெடுக்கும் வேலை. அங்கேதான் ஃபிராங்க் குடும்பத்தைச் சந்தித்தார்கள், மார்கோட், ஆன் என்ற அக்கா தங்கையையும். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை நம்மில் பலர் தமிழிலேயே வாசித்திருப்போம். செப்டம்பர் 3 அன்று வெஸ்டர்போர்க்கிலிருந்து ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குப் புறப்பட்ட கடைசி ரயிலில் இரண்டு குடும்பங்களும் இருந்தன. ப்ரில்லஸ்லைபர் பெற்றோரும் தம்பியும் திரும்பவில்லை. யான்னியும் லீனும் பெர்கன்-பெல்சனுக்கு மாற்றப்பட்டார்கள், மார்கோட்டும் ஆனும்கூட. அந்த முகாமில் நச்சுக் காய்ச்சல் பரவியபோது யான்னி நோயாளிகளைக் கவனிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். முதலில் மார்கோட் இறந்தார், சில நாளில் ஆன். போர் முடிந்து மகள்களைத் தேடிக்கொண்டிருந்த ஓட்டோ ஃபிராங்குக்கு அந்தச் செய்தியை உறுதி செய்ய வேண்டிய பொறுப்பும் யான்னிக்கே வந்தது. அப்பாவிடம் அதைச் சொல்லும் கணத்தை எப்படி எழுதுவது என்று யோசித்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

முகாமுக்குள் அக்கா தங்கையாக இருப்பது உயிரைத் தக்கவைக்கும் வழி. வரிசையில் நிற்கும்போது தாங்கிப் பிடிக்க ஒருத்தி, ரொட்டித் துண்டைத் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தி, எழுந்திரு என்று அதட்ட ஒருத்தி. கூடப் பிறந்தவள் இல்லாத பெண்கள் பக்கத்துப் படுக்கைக்காரியைச் சகோதரியாக வரித்துக்கொண்டதைப் பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வார்சாவின் எஸ்தர், ஹனா வைட்ஸ்ப்ளூம் கதை இதன் மறுபக்கம். காது கேளாத பெற்றோரின் பெண்கள் இவர்கள். பெற்றோர் மைதானெக் முகாமில் கொல்லப்பட்டார்கள். ஆஷ்விட்ஸில் ஆயுதத் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. அங்கிருந்து வெடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் துணித் துண்டில் முடிந்து, உடையில் மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். சக கைதி ரோசா ரோபோட்டா போன்றவர்களின் கை மாறி, பிணங்களை எரிக்கும் கட்டாய வேலையில் இருந்த கைதிகளிடம் அது போய்ச் சேர்ந்தது. 1944 அக்டோபர் 7 அன்று அவர்கள் கலகம் செய்து நான்காவது எரிகூடத்தைச் சேதப்படுத்தினார்கள். வெடிமருந்து எங்கிருந்து வந்தது என்று விசாரணை நடந்தது. எஸ்தர், ரோசா, ஆலா கெர்ட்னர், ரெகினா சாஃபிர்ஷ்டைன் ஆகிய நான்கு பெண்களை 1945 ஜனவரி தொடக்கத்தில் தூக்கிலிட்டார்கள். மூன்று வாரத்தில் முகாம் விடுதலையானது. எஸ்தர் சித்திரவதையிலும் தங்கையின் பெயரைச் சொல்லவில்லை. தன் தங்கையைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு தோழிக்குச் சிறையிலிருந்து எழுதி அனுப்பினாள். ஹனா பிழைத்து, கனடாவில் முதுமைவரை வாழ்ந்து, நடந்ததை எழுதிவைத்தார்.

இந்த இடத்தில் பெரும்பாலான நாவல்கள் முடிந்துவிடும். கொடி ஏறும், மணி அடிக்கும், முப்பதாண்டு தாண்டி ஒரு பின்னுரை வரும். எனக்கு உண்மையில் பசி எடுப்பது இதற்குப் பிறகுதான்.

1945 நவம்பரில் ஹன்னியின் உடலை அரச மரியாதையோடு ப்ளூமன்டால் மணல்மேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அங்கே அடக்கமான எதிர்ப்பு வீரர்கள் நானூறுக்கும் மேற்பட்டவர்களில் அவள் ஒருத்திதான் பெண். அரச குடும்பமே வந்தது. ஆறே ஆண்டில் காற்று மாறியது. பனிப்போர் தொடங்கிவிட்டது, ஹன்னி கம்யூனிஸ்டுகளோடு வேலை செய்தவள். 1951-இல் அவள் நினைவு ஊர்வலத்துக்கு அரசு தடை விதித்தது. மீறி வந்தவர்களைப் போலீஸும் ராணுவமும் வழிமறித்தன. ட்ரூஸும் ஃப்ரெடியும் அதே சந்தேகப் பார்வையில்தான் வாழ்ந்தார்கள். ட்ரூஸ் சிற்பி ஆனார். தன் முதல் குழந்தைக்கு ஹன்னி என்று பெயர் வைத்தார். ஹார்லெமின் கெனௌ பூங்காவில் நிற்கும் ஹன்னி நினைவுச் சிற்பம் ட்ரூஸ் செய்ததுதான், 1982-இல் திறந்தார்கள். அரசின் போர்க்காலச் சிலுவைப் பதக்கம் அக்கா தங்கை இருவருக்கும் கிடைத்தது 2014-இல். அப்போது ட்ரூஸுக்குத் தொண்ணூறு.

ஃப்ரெடி பொதுமேடைகளில் அதிகம் தோன்றியவர் அல்ல. குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார், தூக்கமில்லாமல் தவித்தார். வயதான காலத்தில் ஒரு பேட்டியில், போருக்குப் பிறகு அக்காவுக்குக் கிடைத்த கவனத்தைப் பார்த்துத் தனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது, நானும்தானே எதிர்ப்பில் இருந்தேன் என்று நினைத்துக்கொள்வேன் என்று சொன்னார். இதைப் படித்தபோது அவர்மேல் எனக்கு இருந்த அன்பு இரட்டிப்பானது. பயந்த அக்கா, துணிந்த தங்கை என்று எழுதுகிறவர்கள் கற்பனை செய்யும் மனஸ்தாபம் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியுமா? ஒரே சைக்கிளில் போய், ஒரே காரியத்தைச் செய்துவிட்டு, ஒன்றாக அழுத இருவர். எழுபது ஆண்டுக்குப் பிறகு அதில் யாருக்குப் பெயர் வந்தது என்ற சின்ன வலி. ட்ரூஸ் 2016-இலும், ஃப்ரெடி 2018-இல் தன் 93-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளும் இறந்தார்கள்.

பிரிட்டனுக்காகப் பிரான்ஸில் ரகசிய வேலை செய்த ஜாக்குலின், எய்லீன் நேர்ன் சகோதரிகளையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. எய்லீன் வயர்லெஸ் இயக்குபவர். 1944-இல் பிடிபட்டு, சித்திரவதை அனுபவித்து, ராவன்ஸ்ப்ருக் போய், பின் கைதிகளை நடத்திச் சென்ற ஓர் அணிநடையில் தப்பியவர். அக்கா 1982-இல் இறந்த பிறகு தனியாகவே வாழ்ந்தார். 2010-இல் அவர் இறந்தபோது அக்கம்பக்கத்தாருக்கு அவர் யாரென்றே தெரியாது. வீட்டைச் சுத்தம் செய்தபோது பதக்கங்களும் காகிதங்களும் கிடைத்த பிறகுதான் விஷயம் தெரிந்து, ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது.

கோரி வேறு வழியில் போனார். போரில் சிதைந்தவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று முகாமில் பெட்ஸி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 1945-இலேயே கோரி அதைத் தொடங்கிவிட்டார். பின்னாளில், நாஜிகளுக்குத் துணைபோனதால் ஊர் ஒதுக்கிவைத்தவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார். அந்த வீடு இருந்த ஊர் ப்ளூமன்டால். ஹன்னி புதைக்கப்பட்ட அதே ப்ளூமன்டால். ஒரு பக்கம், காட்டிக்கொடுத்தவர்களால் செத்தவர்களின் கல்லறை. அதே ஊரில், நாஜிகளுக்குத் துணைபோனவர்களையும் சேர்த்துக்கொண்டு சோறு போட்ட ஒரு பெண். ட்ரூஸ் அந்த வாசலைத் தாண்டி நடந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? கோரி செய்ததை ஏற்றிருப்பாரா? எனக்கு அது சுலபமாக ஏற்பதற்கில்லை. கோரிக்கே சுலபமாக இருக்கவில்லை. 1947-இல் ம்யூனிக்கில் ராவன்ஸ்ப்ருக் காவலன் ஒருவன் கை நீட்டி மன்னிப்புக் கேட்டபோது தன் கை எழவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஹார்லெமின் இந்த இரண்டு வீடுகளையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் ஒரு நாவலைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது 1945 மே மாதத்தில் தொடங்கட்டும். ஜெபிக்கிற வீடு ஒன்று, ஜெபிக்காத வீடு ஒன்று. தனித்து விடப்பட்ட ஐம்பத்து மூன்று வயதுத் தங்கை ஒருத்தி. கையில் துப்பாக்கி இல்லாமல் இனி என்ன செய்வதென்று தெரியாத இருபது வயதுப் பெண்கள் இருவர். 1951 ஊர்வலத்தை ராணுவம் நிறுத்தும் அத்தியாயம் கட்டாயம் வேண்டும். ஃப்ரெடியின் பொறாமைக்கு ஒரு முழு அத்தியாயம் வேண்டும். எந்த மொழியில் வந்தாலும் தேடிப்பிடித்து வாசிப்பேன். தமிழில் ஒருவர் துணிந்து எழுதினால் இன்னும் சந்தோஷம்.